பழைய பாட்டரியும் ஒரு சுரங்கமே

உழவன் வீட்டில் வீண் என்று ஒதுக்கப்படும் பொருள் மிகக் குறைவு. சாணம் எருவாகின்றது. சோளத்தட்டு மாட்டுக்குத் தீவனமாகின்றது. பருத்தி மார் அடுப்பெரிக்கப் பயன்படுகின்றது. ஓட்டையான பித்தளைக் குடத்தைக் கூட நம் தாய்மார்கள் குப்பையில் எறிவதில்லை. பாத்திரக் கடையில் அதை எடை போட்டுக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் தொகையைச் செலுத்திப் புதுக் குடம் வாங்கி வருகின்றனர். பழைய குடம் உருக்கப்பட்டு மீண்டும் குடமாகின்றது. அந்த அளவுக்குப் புதிதாகச் செம்பும் துத்தநாகமும் மண்ணிலிருந்து தோண்டி எடுக்க வேண்டிய தேவை குறைகின்றது.

பித்தளைக் குடத்திற்குப் பொருந்தும் இந்த உண்மை, இன்று வீடுதோறும் தோட்டந்தோறும் புகுந்துவிட்ட பாட்டரிக்கும் பொருந்தும். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய குடம் உடைந்தால் எவருக்கும் தீங்கில்லை. பழைய பாட்டரியைக் கண்ட இடத்தில் உடைத்தால், அவ்விடத்து மண்ணும் நீரும் குழந்தைகளின் உடல்நலமும் கெடும். ஆதலின், பழைய பாட்டரியை எங்ஙனம் செல்வமாக்குவது, அது நஞ்சாகாமல் எங்ஙனம் காப்பது என்னும் இரண்டையும் ஊராட்சி உறுப்பினர்களும் வேளாண் பெருமக்களும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

சரவணம்பட்டிப் பகுதியின் மாறுதல்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ளது சரவணம்பட்டி. ஒரு காலத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் மானாவாரிச் சோளக் காடுகளும் சூழ்ந்திருந்த ஊர் இது. பின்னர்ப் பேரூராட்சியாக இருந்து, 2011ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியுடன் இணைந்தது. இன்று இங்கும் அடுத்துள்ள கீரணத்தத்திலும் கணினித் தொழிற் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. இக்கட்டடங்களில் மின்சாரம் ஒரு நொடியும் தடைப்படலாகாது என்பதற்காக யு.பி.எஸ். கருவிகளும், அவற்றுக்கு வரிசை வரிசையாகப் பாட்டரிகளும் வைக்கப்பட்டுள்ளன.

பாட்டரி பெரிய கட்டடங்களோடு நின்றுவிடவில்லை. 2008ஆம் ஆண்டிற்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டின்போது, கொங்கு நாட்டில் நடுத்தரக் குடும்பங்களும் சிறு தொழிற்கூடங்களும் இன்வர்ட்டர் வாங்கினர். மின்வெட்டு குறைந்த பின்னரும் இன்வர்ட்டர் வீட்டில் நிலைத்துவிட்டது. டிராக்டர், சரக்கு வண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் பாட்டரி உண்டு. முதுகில் சுமந்து மருந்தடிக்கும் தெளிப்பானில் ஒரு சிறு பாட்டரி உண்டு. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றியையும் யானையையும் தடுக்கும் சூரிய மின்வேலியிலும் பாட்டரி உண்டு. மின்சார ஸ்கூட்டர்கள் இப்பொழுது கிராமச் சாலைகளிலும் ஓடுகின்றன. ஆக, கொண்டையம்பாளையம், வெள்ளானைப்பட்டி போன்ற ஊர்களிலும், கொங்கு நாட்டின் எந்த மூலையிலும், பாட்டரி இல்லாத தெரு இல்லை என்று சொல்லலாம்.

இவை அனைத்தும் ஒரு நாள் பழையன ஆகும். இன்வர்ட்டர் பாட்டரி நான்கைந்து ஆண்டுகள் உழைக்கும். மோட்டார் சைக்கிள் பாட்டரியும் தெளிப்பான் பாட்டரியும் அதற்கு முன்னரே ஓய்ந்துவிடும். அப்பொழுது அவை எங்கே போகின்றன என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பாட்டரியின் உள்ளே இருப்பது

1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே என்பவர் காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் சேமித்து மீண்டும் பெறும் முறையைக் கண்டார். நம் இன்வர்ட்டரிலும் டிராக்டரிலும் உள்ள பாட்டரி இன்றும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றது. 12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். அறைக்குள் காரீயத் தகடுகளும், காரீய ஆக்சைடுப் பசையும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கும். மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மேல் காரீய சல்பேட்டு படிகின்றது. மின்னேற்றம் செய்யும்போது அது பழைய நிலைக்குத் திரும்புகின்றது. பல நூறு முறை இவ்வாறு நடந்தபின், படிந்த சல்பேட்டு கெட்டிப்பட்டுக் கரையாமல் நின்றுவிடும். பசையும் உதிர்ந்துவிடும். பாட்டரி ‘செத்துவிட்டது’ என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான்.

இங்குக் கவனிக்க வேண்டுவது ஒன்று. பாட்டரி ஓய்ந்துவிட்டதே தவிர, அதிலுள்ள காரீயத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அது வேறு வடிவில் உள்ளேயே இருக்கின்றது. அதனை உருக்கித் தூய்மை செய்தால், சுரங்கத்திலிருந்து வந்த காரீயத்திற்குச் சற்றும் தாழாத காரீயம் கிடைக்கும். எத்தனை முறை உருக்கினாலும் அதன் குணம் மாறுவதில்லை.

ஈயம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தைச் சேர்ந்தவை. பாட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் நஞ்சு. பாட்டரிக் காரீயத்தை எவ்வகையிலும் சமையற் பாத்திரத்தின் அருகே கொண்டுவருதல் ஆகாது.

தாதுவா, பழைய பாட்டரியா?

நம் நாட்டில் காரீயத் தாது பெரும்பாலும் ராஜஸ்தான் மாநிலத்தில் எடுக்கப்படுகின்றது. அங்கே பில்வாரா மாவட்டத்தில் உள்ள ராம்புரா ஆகுச்சா சுரங்கம் உலகப் புகழ் பெற்றது. அங்கு எடுக்கும் தாதுவில் துத்தநாகமே மிகுதி. காரீயம் நூறு கிலோவுக்கு ஏறத்தாழ 2 கிலோ அளவே உண்டு. ஆனால் ஒரு பழைய பாட்டரியின் எடையில் நூற்றுக்கு 60 பங்கு அளவுக்குக் காரீயமே இருக்கின்றது.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். ஒரு சிற்றூரில் 120 இன்வர்ட்டர் பாட்டரிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் அமிலத்தோடு சேர்த்து 55 கிலோ எடை எனவும், ஐந்து ஆண்டுகள் உழைக்கும் எனவும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு 24 பாட்டரிகள் பழையன ஆகும். அவற்றின் மொத்த எடை 1,320 கிலோ. அதில் உள்ள காரீயம் ஏறத்தாழ 800 கிலோ. இந்த 800 கிலோவை நூற்றுக்கு 2 பங்கு காரீயம் உள்ள தாதுவிலிருந்து பெறுவதானால், 40,000 கிலோ பாறையைத் தோண்டி, உடைத்து, பொடியாக்கி, நீரில் அலசிப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு சிற்றூரின் ஓராண்டுப் பழைய பாட்டரிக்கு ஈடு 40 டன் பாறை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுரங்கம் என்றால் என்ன என்பதைக் கோவை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களையும், ஊர்ப்புறத்துக் கல் குவாரிகளையும் நாம் நேரில் கண்டிருக்கின்றோம். வெட்டிய குன்று மீண்டும் வளர்வதில்லை. உருக்கிய காரீயம் மீண்டும் மீண்டும் பயன்படும். உலகில் ஆண்டுதோறும் உருவாகும் தூய காரீயத்தில் பாதிக்கு மேற்பட்டது இன்று பழைய பொருள்களிலிருந்தே பெறப்படுகின்றது. நம் நாட்டிலும் நிலைமை அதுவே. ஆகவே, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டிய நிலை காரீயத்தைப் பொறுத்தவரை நமக்கு இல்லை. வெண்ணெயை உருக்கும் முறையில்தான் குறை உள்ளது.

முறையான உருக்காலையில் நடப்பது

அரசின் அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலையில் பாட்டரி முழுதாக, அமிலத்துடன் வந்து சேர்கின்றது. மூடிய இயந்திரத்தில் அது உடைக்கப்படுகின்றது. அமிலம் தனித் தொட்டியில் சேர்க்கப்பட்டு, காரப் பொருளால் நடுநிலையாக்கப்படுகின்றது. அல்லது வேறு உபயோகத்திற்கு மாற்றப்படுகின்றது. உடைந்த துண்டுகள் நீர்த் தொட்டிக்குச் செல்கின்றன. அங்குக் காரீயம் அடியில் தங்க, பிளாஸ்டிக் மேலே மிதக்கின்றது. பதர் பறக்க நெல் தங்குவது போன்றதே இதுவும். பிளாஸ்டிக்கைக் கழுவிக் குருணையாக்கி, மீண்டும் பாட்டரிப் பெட்டி வார்க்கின்றனர்.

காரீயப் பசையில் உள்ள கந்தகத்தைச் சோடா உப்பால் நீக்குகின்றனர். பின்னர்க் கரியும் இரும்பும் சேர்த்துச் சுழலும் உலையில் உருக்குகின்றனர். உலையிலிருந்து எழும் புகையும் தூளும் துணிப் பைகள் கொண்ட வடிகட்டிகளின் வழியே சென்ற பின்னரே புகைபோக்கியை அடைகின்றன. அவ்வடிகட்டியில் பிடிபடும் தூளிலும் காரீயம் இருப்பதால், அதுவும் உலைக்கே திரும்புகின்றது. தொழிலாளர்களுக்கு முகமூடியும், மாற்றுடையும், குளியலறையும் தரப்படுகின்றன. அவர்களுடைய இரத்தத்தில் காரீயம் ஏறியுள்ளதா என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்கின்றனர். இத்தனையும் செய்வதற்குப் பணம் செலவாகும்.

ஒதுக்குப்புற உலையில் நடப்பது

காரீயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். விறகு அடுப்பும் இரும்புச் சட்டியும் இருந்தால் போதும். இந்த எளிமையே ஆபத்துக்குக் காரணம். ஊருக்கு வெளியே ஒரு தோட்டச் சாலையைக் குத்தகைக்குப் பிடித்து, கோடரியால் பாட்டரியை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகடுகளை இரவில் உருக்கும் சட்டவிரோதத் தொழில் நம் நாட்டில் பல இடங்களில் நடைபெற்றுள்ளது. வடிகட்டி இல்லை, தொட்டி இல்லை, முகமூடி இல்லை. செலவு குறைவாதலின், இவர்கள் பழைய பாட்டரிக்கு அனுமதி பெற்ற வணிகரைவிடச் சற்றுக் கூடுதல் விலை தர முடிகின்றது.

அந்தக் கூடுதல் விலை எங்கிருந்து வருகின்றது? அது உலைக்காரருடைய கைப்பணம் அன்று. நம் கிணற்றிலிருந்தும், நம் காட்டிலிருந்தும், அண்டை வீட்டுப் பிள்ளையின் உடம்பிலிருந்தும் எடுத்து நமக்கே தரப்படுவது அது. ஒரு பாட்டரிக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய் லாபத்தை இந்த நோக்கில் எடை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

காரீயத் தூள் மேல் மண்ணில் படிந்தால், அது மழையோடு போய்விடுவதில்லை. பல தலைமுறைகளுக்கு அங்கேயே தங்கும். கீரையின் மேல் படியும்; காய்கறியோடு வீட்டுக்குள் வரும்; உலையில் வேலை செய்தவரின் உடையோடும் வரும். தரையில் தவழும் குழந்தை மண் பட்ட கையை வாயில் வைக்கும். உட்கொள்ளும் காரீயத்தில் பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் உடல் மிகுந்த பங்கை ஏற்றுக்கொள்கின்றது. அதனால் சோகை உண்டாகும். மூளை வளர்ச்சி குன்றும். படிப்பில் மந்தம் ஏற்படும். இதற்கு வெளிப்படையான அடையாளம் எதுவும் தொடக்கத்தில் தெரியாது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்திற்கு அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

2020ஆம் ஆண்டில் யூனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் என்னும் அமைப்பும் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகக் குழந்தைகளில் மூவருக்கு ஒருவர் வீதம், ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் உள்ளது என்றும், அவர்களில் 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள் என்றும் அது மதிப்பிட்டது. இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்றாக அந்த அறிக்கை சுட்டியது, முறையற்ற பாட்டரி உருக்குதலையே ஆகும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான டாக்காரின் அருகே தியாரோய் என்னும் இடத்தில், பழைய பாட்டரி உடைத்த மண்ணைச் சலித்துக் காரீயம் பொறுக்கி விற்றனர். 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலுமாகச் சில மாதங்களுக்குள் அங்கே 18 குழந்தைகள் மாண்டனர். அவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். தெருவில் விளையாடிய சிறு பிள்ளைகள்.

கால்நடை வளர்ப்போர் மற்றோர் உண்மையையும் அறிதல் நலம். மாடுகள் உப்புச் சுவையை நாடும் இயல்புடையவை. உடைந்த பாட்டரியையோ அதன் தகட்டையோ கண்டால் நக்கும். மாடுகளுக்குக் காரீய நஞ்சு ஏறுவதற்குப் பழைய பாட்டரி ஒரு முதன்மையான காரணம் என்பது கால்நடை மருத்துவம் நன்கறிந்த செய்தி. நஞ்சேறிய மாடு தீவனம் எடுக்காது. பல்லை நறநறவெனக் கடிக்கும். கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். வலிப்புக் கண்டு வீழும். கன்றுகள் விரைவில் இறந்துபடும். எனவே மாட்டுக் கொட்டகையின் மூலையில் பழைய டிராக்டர் பாட்டரியைப் போட்டு வைக்கும் வழக்கத்தை இன்றே கைவிட வேண்டும்.

நீர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்கு நாட்டில் வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. நொய்யலாற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயக் கழிவு தேங்கியதையும், சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டு வேளாண்மை பாழானதையும் நாம் அறிவோம். 2011 ஜனவரியில் சாயத் தொழிற்சாலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. கெட்டபின் திருத்துவது எவ்வளவு அரிது என்பதை நொய்யற்கரை உழவர்களைக் கேட்டறியலாம். சாயக் கழிவுக்காவது நிறம் உண்டு. காரீயத்துக்கு அதுவும் இல்லை.

லித்தியம் பாட்டரி

கைப்பேசியிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருப்பவை பெரும்பாலும் லித்தியம் அயனி பாட்டரிகள். 1991ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இவ்வகை, எடை குறைந்தது; ஆற்றல் மிகுந்தது. இதில் லித்தியம், செம்பு, அலுமினியம், கிராபைட்டு ஆகியவையும், சில வகைகளில் கோபால்ட்டும் நிக்கலும் உள்ளன. இரும்பு பாஸ்பேட்டு வகையில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை.

இப்பொருள்களுக்கு நாம் பெரும்பாலும் வெளிநாடுகளையே நம்பியுள்ளோம். உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகின்றது. அங்கே சிறுவர்களும் குழியில் இறங்கிக் கல் பொறுக்கும் அவலம் பலகாலமாகக் கண்டிக்கப்பட்டு வருகின்றது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டு அட்டகாமா பாலையில், நிலத்தடி உப்பு நீரை இறைத்து, நம் வேதாரண்யத்து உப்பளம் போன்ற பாத்திகளில் காயவைத்து லித்தியம் எடுக்கின்றனர். மழையே அரிதான அப்பகுதியில் நீர் குறைகின்றது என்று அங்குள்ள மக்கள் முறையிடுகின்றனர். ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய்க் கிணறு இறக்கியும் நீர் காணாத நம் உழவருக்கு அந்த முறையீடு எளிதில் விளங்கும்.

2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் லித்தியம் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. எனினும் மதிப்பீட்டுக்கும் உற்பத்திக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. இந்நிலையில், பழைய கைப்பேசியிலும் ஸ்கூட்டரிலும் உள்ள உலோகத்தை மீட்பது அறிவுடைமை ஆகும். முறையான ஆலைகளில் இப்பாட்டரியின் மின்சாரத்தை முற்றும் இறக்கி, பாதுகாப்பான சூழலில் அரைத்து, கிடைக்கும் கறுப்புத் தூளை அமிலங்களில் கரைத்து, உலோகங்களைத் தனித்தனியே பிரிக்கின்றனர். இதற்கு ஊக்கம் தரும் வகையில், அரிய கனிமங்களை மீட்கும் தொழிலுக்கு 1,500 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஏற்றது. நம் மாநிலத்திற்கும் இத்துறையில் ஒரு பெருமை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்ததன் பயனாகக் காரைக்குடியில் அமைந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாட்டரி ஆராய்ச்சியில் நாட்டுக்கு வழிகாட்டி வருகின்றது.

லித்தியம் பாட்டரியில் நஞ்சைவிடத் தீயே முதல் ஆபத்து. அதைக் குத்தினாலோ, நசுக்கினாலோ, முனைகள் ஒன்றோடொன்று தொட்டாலோ தீப்பற்றும். குப்பை வண்டியில் போட்டால் வண்டியே எரியக் கூடும். காரீயப் பாட்டரிகளோடு கலந்து அனுப்பினால் உருக்காலையில் வெடிக்கும். ஆகவே இவ்விரு வகைகளையும் எப்பொழுதும் தனித்தனியே வைத்தல் வேண்டும்.

சட்டம் சொல்வது

பழைய பாட்டரியைத் திரும்பப் பெறுவதற்கு 2001ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதிகள் வகுத்தது. அவை காரீயப் பாட்டரிக்கு மட்டும் உரியவை. 2022 ஆகஸ்டில் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றின் இடத்தில் வந்து, எல்லா வகைப் பாட்டரிகளையும் உள்ளடக்கின. அவற்றின் சாரம் பின்வருமாறு:

பாட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளரே, அது பழையதான பின் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்புடையவர். பழைய பாட்டரியை மண்ணில் புதைப்பதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. மறுசுழற்சி செய்வோர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெறுதல் வேண்டும். பாட்டரியை உபயோகிப்போர் அதை மற்றக் குப்பையோடு கலவாமல் பிரித்து, சேகரிக்கும் அல்லது மறுசுழற்சி செய்யும் உரிய அமைப்பிடம் சேர்ப்பித்தல் வேண்டும். பாட்டரியின் மேல் குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிச் சின்னம் அச்சிடப்பட்டிருப்பதன் பொருள் இதுவே.

இவ்விதிகளில் நம் கட்டுரைப் பொருளுக்கு மிகவும் நெருங்கிய பகுதி ஒன்று உண்டு. 2027–28ஆம் ஆண்டு முதல் புதிய வாகனப் பாட்டரிகளில் நூற்றுக்கு 35 பங்கும், 2029–30 முதல் 40 பங்கும் மறுசுழற்சிப் பொருளாக இருத்தல் வேண்டும். மின்சார வாகனப் பாட்டரிகளுக்கு இது 5 பங்கில் தொடங்கி, 2030–31இல் 20 பங்காக உயரும். அதாவது, உற்பத்தியாளருக்கு இனி நம் பழைய பாட்டரி தேவைப்படும். அதற்கு மதிப்பும் நிலைக்கும்.

குடும்பத்தார் கடைப்பிடிக்க வேண்டுவன

முதலாவதாக, பாட்டரியின் ஆயுளை நீட்டித்தலே தலைசிறந்த சிக்கனம் ஆகும். இன்வர்ட்டர் பாட்டரியில் நீர்மட்டம் குறைந்தால் வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஆகாது. கடின நீர் மிகுந்த நம் பகுதியில் அது தகடுகளை விரைவில் கெடுக்கும். அமிலத்தையும் நாமாக ஊற்றுதல் கூடாது. முனைகளில் பூக்கும் வெள்ளைப் பூப்பை வெந்நீரால் துடைத்து வாசலின் தடவலாம். முற்றும் இறங்கிய நிலையில் நாட்கணக்கில் போட்டு வைத்தல் பாட்டரியைக் கொல்லும். தெளிப்பானைப் பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போதும் மாதம் ஒருமுறை மின்னேற்றம் செய்து வருதல் நன்று.

இரண்டாவதாக, புதுப் பாட்டரி வாங்கும்போது பழையதை அக்கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். ரசீதில் அக்கழிவைக் குறிக்கச் செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, பாட்டரியை முழுதாக, மூடியுடன், நிமிர்ந்த நிலையில் கொடுக்க வேண்டும். “தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள்” என்று எந்த வியாபாரியாவது சொன்னால், அவரிடம் விற்கலாகாது. அவர் ‘தண்ணீர்’ என்று சொல்வது, காரீயம் கலந்த அமிலம்.

நான்காவதாக, அமிலம் உடம்பில் பட்டால் உடனே மிகுதியான நல்ல நீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அவ்வாறு கழுவிக்கொண்டே மருத்துவரை நாட வேண்டும்.

ஐந்தாவதாக, உப்பிய கைப்பேசிப் பாட்டரியைக் குத்தவோ மின்னேற்றவோ கூடாது. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, உலர்ந்த மணலிட்ட தகரப் பெட்டியில் வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

தனி ஒருவர் சிறு பாட்டரி இரண்டை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு அலைவது நடைமுறைக்கு ஒவ்வாது. இங்குதான் ஊராட்சியின் பணி தொடங்குகின்றது. குப்பை பிரிக்கும் கொட்டகையில் ஒரு மூலையைப் பாட்டரிக்கு ஒதுக்கலாம். சிமென்டுத் தரையும், மேற்கூரையும், அமிலம் தாங்கும் பிளாஸ்டிக் தட்டும், பக்கத்தில் ஒரு சாக்குச் சுண்ணாம்பும் இருந்தால் போதும். காரீயத்துக்கு ஓர் இடம், லித்தியத்துக்குச் சற்றுத் தொலைவில் வேறோர் இடம் என வகுத்துக்கொள்ள வேண்டும். தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் பயிற்சியும் தருதல் கடமை. அவர்களைக் கொண்டு பாட்டரியை உடைக்கச் செய்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

சேர்ந்தவற்றை ஒரு பதிவேட்டில் தேதி, வகை, எடை ஆகியவற்றுடன் எழுதி, பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் ரசீது பெற்று ஒப்படைக்கலாம். கிடைக்கும் தொகையை ஊராட்சி நிதியில் சேர்த்து, கிராம சபையில் கணக்குக் காட்டலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வீடு வீடாகச் சென்று எடுத்துச் சொல்வதற்கு ஏற்றவை. பழைய இரும்பு வியாபாரிகளைப் பகைவராகக் கருத வேண்டியதில்லை. ஊரின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர்கள் அவர்களே. பாட்டரியை உடைக்காமல் முழுதாக உரிய ஆலைக்கு அனுப்பும் வியாபாரியை ஊராட்சி ஆதரிக்க வேண்டும்.

விழிப்பும் தேவை. ஒதுக்குப்புறத் தோட்டத்தை வழக்கத்துக்கு மேலான குத்தகைக்கு வெளியார் கேட்டால், எத்தொழிலுக்கு என்று உடையவர் விசாரித்துக்கொள்ள வேண்டும். இரவில் மட்டும் எழும் புகையும், கந்தக நெடியும், வேலியோரம் குவிந்த உடைந்த கறுப்புப் பெட்டிகளும் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் ஊராட்சியும், வட்டார வளர்ச்சி அலுவலகமும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகமும் உடனே அறிதல் வேண்டும். மண் கெட்டபின் மனுக் கொடுப்பதால் பயன் சிறிது.

மறுசுழற்சியின் எல்லை

மறுசுழற்சி செய்தால் சுரங்கமே வேண்டாம் என்று சொல்வது மிகையாகும். மின்சார வாகனங்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. இன்று விற்கும் பாட்டரி பல ஆண்டுகளுக்குப் பின்னரே பழையதாகி வரும். அதுவரை புது லித்தியம் தேவைப்படும். ஆனால் காரீயத்தில் நிலைமை வேறு. இங்குச் சுழற்சி முழுமை அடையும் தறுவாயில் உள்ளது. சுரங்கத்திலிருந்து புதிதாக எடுக்க வேண்டிய அளவை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துவர முடியும். அதற்கு வேண்டுவது புதிய விஞ்ஞானம் அன்று. ஒவ்வொரு பாட்டரியும் உடையாமல் உரிய கைக்குச் சேர வேண்டும், அவ்வளவே. காரீயத்தில் இவ்வொழுங்கைப் பழகிக்கொண்ட ஊர், நாளை லித்தியம் பெருகி வரும்போது தடுமாறாது.

கிராம சபையில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் இன்வர்ட்டர், டிராக்டர், ஸ்கூட்டர், தெளிப்பான் ஆகியவற்றில் உள்ள பாட்டரிகள் எத்தனை? ஆண்டுக்கு எத்தனை பழையன ஆகின்றன?

2. சென்ற ஆண்டு பழையன ஆனவை யாரிடம் விற்கப்பட்டன? அவை உடைக்கப்படாமல் சென்றனவா?

3. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் கிணறு ஆகியவற்றின் அருகே பாட்டரி உடைக்கும் இடம் ஏதேனும் உள்ளதா?

4. சேகரிப்பு இடத்தை எங்கே அமைப்பது? பதிவேட்டை யார் பொறுப்பில் விடுவது?

ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு கூட்டத்திலேனும் இவ்வினாக்களை எடுத்துக்கொண்டு விடை காணும் ஊராட்சி, தன் நிலத்தையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வதுடன், எங்கோ ஒரு குன்று தோண்டப்படாமல் நிற்பதற்கும் உதவி செய்ததாகும்.